சாயப்பட்டறைக்கு வந்த அருவித் தண்ணீர்

உச்சிமாகாளி தான் வேலை பார்க்கும் சாயப்பட்டறைக்குத் தர வேண்டியது இருபத்து மூவாயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய். மகள் மஞ்சுவை நர்சிங் படிப்பில் சேர்க்க வாங்கிய முன்பணம். அதைத் தள்ளுபடி செய்வதாக மேனேஜர் மந்திரமூர்த்தி சொல்லியிருந்தார். சும்மா இல்லை. தென்காசி மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு விசாரணைக்கு வந்து, "சோதனைக்குத் தண்ணி பிடிச்சது நான்தான், பட்டறைக் கழிவு வாய்க்கால்லதான் பிடிச்சேன்" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

அந்த ஒரு வார்த்தை அவனை ஓரிடத்தில் நிற்க விடவில்லை. விசாரணை நாள் காலையில் தென்காசி பஸ் ஸ்டாண்டில் டீ சொன்னான், குடிக்காமலே காசைக் கொடுத்தான். கோயில் வாசலில் போய் நின்றான். கோபுரக் காற்று ஆளைத் தள்ளியது. திரும்பவும் நடந்தான்.

இலத்தூர்ப் பக்கம் இருக்கும் அந்தப் பட்டறை வருஷத்துக்கு ஒருமுறை தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். கழிவுத் தண்ணீரைக் கேனில் பிடித்து வெளியூரில் இருக்கும் சோதனைக் கம்பெனிக்கு அனுப்புவார்கள். அவர்கள் அறிக்கை எழுதி, பட்டறைக்கு ஒன்றும் அலுவலகத்துக்கு ஒன்றும் அனுப்புவார்கள். தெருவுக்கு வராது.

போன ஆடியில் கேனை உச்சிமாகாளி கையில் கொடுத்த மந்திரமூர்த்தி, "ஏலே, நம்ம வாய்க்கால்ல முக்கிராத. எங்கயாவது நல்ல தண்ணியாப் பாத்துப் பிடிச்சுட்டு வா" என்றார்.

நல்ல தண்ணீர் என்றால் இந்தப் பக்கத்தில் யாருக்கும் குற்றாலம்தான் ஞாபகம் வரும். உச்சிமாகாளி தன் பைக்கை நேரே அங்கே விட்டான். சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்தது, கூட்டமும் அப்படி. அருவிக்கு நேரே கேனை நீட்டப் போனவனைப் போலீஸ்காரர் விசிலடித்து விரட்டினார். கொஞ்சம் கீழே இறங்கி, குளித்தவர்கள் தலை எண்ணெயெல்லாம் வழிந்து ஓடிய இடத்தில் கேனை முக்கினான். எப்படியும் அருவித் தண்ணீர்தானே என்ற நினைப்பு.

அறிக்கை வந்தது. தண்ணீரில் எண்ணெய் அளவுக்கு மேல் இருக்கிறதாம். "சாயம்னாலும் சரி. எண்ணெய் எங்கேருந்துலே வந்துச்சு?" என்று மந்திரமூர்த்தி ஒரு வாரம் புலம்பினார். உச்சிமாகாளி பயத்தில் வாயே திறக்கவில்லை.

அந்த அறிக்கையைத்தான் இப்போது ஹாஜரா பீவி கேட்கிறாள். உச்சிமாகாளியின் தெரு முழுக்க அவள் வீட்டுக் கிணற்றில்தான் தண்ணீர் எடுக்கும். அது சிவக்க ஆரம்பித்ததும் தகவல் கேட்டு மனுப் போட்டாள். அது கம்பெனியின் சொந்தச் சோதனை, தர முடியாது என்று பதில் வந்தது. விடாமல் மேல்முறையீடு செய்தாள். அதற்குத்தான் இன்றைய விசாரணை.

அதிகாரி ஒரு நடுவயதுப் பெண். அவர் மேஜைமேல் ஹாஜரா பீவி கொண்டுவந்த பாட்டில் இருந்தது. உள்ளே பன்னீர் சோடா நிறத்தில் கிணற்றுத் தண்ணீர்.

"மேடம், யாரும் கேக்காமலே எங்களை நாங்களே சோதிக்கோம்" என்றார் மந்திரமூர்த்தி. "குத்தம் இருந்தாத் திருத்திக்கிடுதோம். அதைக் கொண்டுபோய் நடுத்தெருவுல போட்டா, நாளைக்கு எந்தக் கம்பெனிக்காரன் உண்மையாச் சோதிப்பான்?"

அதிலும் நியாயம் இருக்கிற மாதிரித்தான் உச்சிமாகாளிக்குப் பட்டது. உண்மையாகச் சோதித்திருந்தால்.

"நீங்க உங்க வயித்தைச் சோதிச்சா நான் ஏன் கேக்கப் போறேன்?" என்றாள் ஹாஜரா பீவி. "எங்க கிணத்துக்கு வாரதைத்தானே கேக்கேன். நூலுக்குச் சாயம் போட உங்களுக்குப் பட்டறை எதுக்கு மேனேஜரே? எங்க கிணத்துல முக்குனாப் போதாதா?"

குமாஸ்தா சிரிப்பை அடக்கிக்கொண்டான். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "சோதனைக்குத் தண்ணி பிடிச்சது யாரு?"

உச்சிமாகாளி எழுந்தான். மந்திரமூர்த்தி அவனைப் பார்த்து மெதுவாகத் தலையாட்டினார். அவன் கண் பாட்டிலுக்குப் போனது. காலையில் அவன் மனைவி சுகந்தி அந்தத் தண்ணீரில்தான் உலை வைத்தாள். சோறு வெந்தபோது ரோஸ் நிறம் தட்டியிருந்தது. அதைத்தான் அவள் பரிமாறினாள், அவனும் தின்றுவிட்டு வந்திருந்தான்.

"குத்தாலத்துல பிடிச்சேன், மேடம்."

"எங்கலே?" மந்திரமூர்த்தி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"அருவிக்குக் கீழ. நல்ல தண்ணி கொண்டாரச் சொன்னீகள்லா."

"அப்ப அந்த எண்ணெய்?"

"அது குளிச்சவுக தலை எண்ணெய், அண்ணாச்சி."

குமாஸ்தாவால் அடக்க முடியவில்லை. அதிகாரி சிரிக்கவில்லை. அறிக்கையைக் கொடுக்கச் சொல்லி உத்தரவு எழுதினார்.

"அருவியோட அறிக்கையை வச்சு நான் என்ன செய்ய, மேடம்?" என்றாள் ஹாஜரா பீவி.

"இவர் சொன்னதையும் சேர்த்து எழுதி மேலிடத்துக்கு அனுப்புதேன். வாய்க்கால்லயே திரும்ப எடுப்பாங்க. எடுக்கும்போது நீங்களும் பக்கத்துல நிக்கலாம்."

வெளியே படிக்கட்டில் மந்திரமூர்த்தி வழிமறித்தார். "நாளையிலேருந்து வேலைக்கு வராத. திங்கக்கிழமை முழுப் பணமும் மேஜையில இருக்கணும்."

ஹாஜரா பீவி ஆட்டோவுக்குக் கூப்பிட்டாள். "வாரேன் அக்கா, நீங்க போங்க" என்றவன், இலத்தூர் வரை நடந்தே போனான்.

பட்டறையிலிருந்து அவனுக்கு வர வேண்டிய சம்பளமும் போனஸும் சேர்த்துப் பதினோராயிரத்து எழுநூற்று ஐம்பது. அது கடனில் கழிந்தது. மீதிக்குப் பைக்கை மெக்கானிக் பென்னியிடம் விற்றான். "பன்னிரண்டாயிரத்துக்கு மேல இது தாங்காது வே" என்று பென்னி கையில் திணித்தான்.

திங்கட்கிழமை பட்டறைக்குப் போனபோது வாய்க்கால் ஓரத்தில் ஜீப் நின்றது. கையுறை போட்ட ஒருவர் பாட்டிலை முக்க, ஹாஜரா பீவி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கிட்டவே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பாதித் தெரு அவள் பின்னால் நின்றது. சுகந்தியும் நின்றாள்.

உச்சிமாகாளி ஆபீசுக்குள் போய் மீதிப் பணத்தை வைத்தான். மந்திரமூர்த்தி எண்ணிக்கொண்டே ஜன்னல் வழியாக ஜீப்பைப் பார்த்தார். எண்ணிக்கை விட்டுப்போக, மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

"ஏம்லே, இங்கன ஒரு குழாயில பிடிச்சுத் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"நம்ம பக்கம் குழாயிலயும் செவப்பால்லா வருது, அண்ணாச்சி."

அவர் பேரேட்டில் ஒரு கோடு இழுத்தார். "தீந்துச்சு. போ."

அவன் போனான்.