மதுரை போய் வந்த காபி

எங்கள் தீவில், அபர்தீன் பஜாரில் இருக்கும் என் மளிகைக் கடைக்கு வருகிறவர்கள் கத்தரிக்காயைக் கையில் எடுத்தால் இங்கே விளைந்ததா என்று கேட்பார்கள். அதே ஆட்கள் அப்பளத்தையோ மசாலாப் பொடியையோ எடுத்தால் கடல் தாண்டி மெயின்லேண்டிலிருந்து ஷிப்பில் வந்ததா என்று கேட்பார்கள். இரண்டு கேள்விக்கும் ஆமாம் என்று தலையாட்டித்தான் இத்தனை வருஷமாக என் பிழைப்பு ஓடுகிறது. சிராஜ் கடையில் பொய் இல்லை என்று ஊரில் பேச்சு வேறு.

குட்வில் எஸ்டேட்டில் இருக்கும் சொக்கலிங்கம் அண்ணன் பொதுப்பணித் துறையிலிருந்து ரிட்டயரானவர். கச்சால் தீவில் வேலை பார்த்த காலத்தில், இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து அங்கே குடியேறிய ஒருவர் அவருக்குக் காபிக் கன்றுகள் கொடுத்தார். அவற்றைத் தகர டின்னில் வைத்து, கப்பலில் கைக்குழந்தையைப்போல் மடியில் வைத்துக்கொண்டு வந்து, வீட்டுக்குப் பக்கத்துக் காலியிடத்தில் நட்டார். அவரோடு வேலை பார்த்தவர்கள் அந்தக் காலத்தில் இடம் வாங்கினார்கள், கடை வைத்தார்கள். இவர் காபிச் செடிக்கு வேலி கட்டினார்.

செடி வளர்ந்து காய்த்தது. காய்த்ததைக் காய வைப்பதுதான் கஷ்டம். எங்கள் ஊர் மழைக்கு நேரம் காலம் கிடையாது. மொட்டை மாடியில் பழத்தைப் பரப்புவார், தூறல் விழுந்தால் பாயோடு சுருட்டிக்கொண்டு ஓடுவார். காய்ந்ததைக் குத்தித் தோல் நீக்கி இரும்புச் சட்டியில் வறுப்பார். பல வருஷம் கருக்கினார். கருக்கிக் கருக்கித்தான் பதம் பிடிபட்டது. அரைப்பது என் கடை மெஷினில். அந்த வாசனைக்குப் பக்கத்து மொபைல் கடைக்காரன் கஸ்டமரை விட்டுவிட்டு எழுந்து வந்துவிடுவான்.

அந்தக் காபியைக் குடிக்காத ஒரே ஆள் அண்ணன் மனைவி ஜெயமணி அக்கா. மதுரைக்காரர். ஊரிலிருந்து யார் வந்தாலும் காபிப் பொடி இல்லாமல் அவர் வீட்டு வாசல் மிதிக்க முடியாது. அண்ணன் காபியை என்றோ ஒரு தடவை ஒரு வாய் குடித்துவிட்டு, மண் வாடை அடிக்கிறது, இந்த மழைக்குக் காபி எங்கே வரப்போகிறது என்று டம்ளரைத் தள்ளி வைத்தவர்தான். அதற்குப் பிறகு தொடவில்லை.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. இந்த வருஷம் மகன் சுதாகர் கார் வாங்கிவிட்டான். காருக்கு ஷெட் வேண்டும். வீட்டில் குடிக்காத காபிக்கு எதற்கு அவ்வளவு இடம், செடியை வெட்டிவிடலாம் என்று அக்கா தீர்ப்பு சொல்லிவிட்டார்.

அண்ணன் என் கடை ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அவ ஒரு தடவ நல்லாருக்குன்னு சொல்லிட்டா போதும் பாய். வெட்ட மாட்டா."

இது ஒரு விஷயமா என்றேன். அன்று காலை அரைத்த அவருடைய பொடியையே எடுத்து, விமானத்தில் வரும் மதுரைப் பதிப்புப் பேப்பரில் பொட்டலம் கட்டினேன். மறுநாள் அக்கா சாமான் வாங்க வந்தபோது, ஷிப்பில் வந்த அட்டைப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்து நீட்டினேன். பக்கா மெயின்லேண்ட் மால், அசல் ஊர்ச் சரக்கு என்று ஒரு வார்த்தையும் சேர்த்துப் போட்டேன். மதுரையில் எந்தக் கடை என்று கேட்டார். நான் மதுரையைப் பார்த்ததே கிடையாது. கோயில் பக்கத்தில் ஒரு பழைய கடை என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அக்கா முகம் மலர்ந்துவிட்டது. அந்தக் கடை தெரியாதா, சின்ன வயதில் அப்பா அங்கேதான் வாங்குவார் என்றார்.

பொட்டலம் தீர்ந்ததும் அக்காவும் அண்ணனும் சேர்ந்தே வந்தார்கள். "ஏக்தம், அப்படியே எங்க ஊரு டேஸ்ட் பாய், எவ்வளவு நல்லாருக்கு" என்றார் அக்கா. அண்ணன் பருப்பு மூட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை. எனக்கும் பெருமைதான்.

அந்தப் பெருமையில் மண் விழுந்தது. இவ்வளவு நல்ல பொடி சிராஜ் கடையிலேயே கிடைக்கும்போது அந்தச் செடி சுத்தமாக வேண்டாம் என்று அக்கா முடிவு கட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வெட்ட ஆள் வருகிறான் என்று அண்ணன் போனில் சொன்னார். அன்றைக்கு நான் கடையைப் பையனிடம் விட்டுவிட்டுப் போனேன்.

போனபோது ஆள் அரிவாளோடு வேலி ஓரம் நின்றிருந்தான். அக்கா படியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் அவர் முன்னால் போய் நின்றார்.

"ஜெயமணி, நீ குடிக்கிறது நம்ம செடிக் காபி."

அக்கா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். வாழ்க்கையில் உண்மைக்குத் தலையாட்டியது எனக்கே புதுசாக இருந்தது. அக்கா இன்னொரு வாய் குடித்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை.

"நம்ம கொட்டைதானா? நம்பவே முடியல. அப்ப மதுரைக்கு அனுப்பி வறுத்து வாங்குனீங்களாக்கும்?"

அண்ணன் தன் கையைப் பார்த்தார். விரல் முழுக்கச் சட்டி சுட்ட தழும்பு. பிறகு அரிவாள்காரனைப் பார்த்தார்.

"ஆமா. மதுரையிலதான்" என்றார்.

"அதானே பார்த்தேன்" என்றார் அக்கா. "கொட்டையக் குத்தம் சொல்லக் கூடாது. வறுக்கிற கை வேணும்ல."

ஆள் ஒரு காபி குடித்துவிட்டுக் கிளம்பிப் போனான். சுதாகர் கார் இன்றைக்கும் ரோட்டில்தான் நிற்கிறது. அந்தக் காலத்தில் மெயின்லேண்டில் தப்புச் செய்தவர்களைத் திருந்தட்டும் என்று இங்கே அனுப்பினார்கள். இப்போது எங்கள் காபி திருந்துவதற்காக அங்கே போய் வருகிறது. அக்கா அப்படித்தான் நம்புகிறார். தன் கையாலேயே கொட்டையைப் பையில் கட்டி, அடுத்த ஷிப்பில் ஏற்றச் சொல்லி என்னிடம் தருகிறார். பை என் கடைப் பின்கட்டைத் தாண்டுவதில்லை. அண்ணன் அங்கேயே அடுப்புப் போட்டு வறுக்கிறார். ஆனால் ஷிப் போய்த் திரும்பும்வரை பொடி வீட்டுக்குப் போகக் கூடாது.

போன வாரம் கடலில் புயல். ஷிப் சென்னையிலேயே நின்றுவிட்டது. அக்கா வீட்டில் பொடி தீர்ந்து போய், தலைவலி என்று போன் செய்தார்.

"ஷிப்பு வந்துருச்சா பாய்?"

எதிரே ஸ்டூலில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் அரைத்த பொட்டலம் அவர் மடியில் சூடாக இருந்தது. என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார்.

"இன்னும் வரலக்கா" என்றேன்.