காதுக்கு ஓர் ஆட்டுக்குட்டி

உரக்கடை மாடியில், தகரக் கூரைக்குக் கீழே, பதினாலு பெண்களில் ஒருத்தி தவிர எல்லோரும் தலையைத் துப்பட்டாவுக்குள்ளும் முந்தானைக்குள்ளும் விட்டுக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்கள். மே மாதம், பகல் பன்னிரண்டு மணி. கள்ளக்குறிச்சி வெயிலுக்கு அந்தத் தகரம் தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. இருந்தாலும் போர்த்தியவர்களில் ஒருத்தியும் துணியை விலக்கவில்லை. "வணக்கம் ஐயா, முட்டிவலித் தைலம் கேட்டு மிஸ்டு கால் குடுத்திருந்தீங்களே" என்று பதினாலு வாயும் ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டிருந்தன.

துணி போர்த்திக்கொள்வது அவர்களாகக் கண்டுபிடித்த வைத்தியம். அவர்களில் செவ்வந்தியின் ஹெட்செட் நூற்றியெண்பது ரூபாய். பஸ் ஸ்டாண்டுத் தள்ளுவண்டியில் வாங்கியது. அதன் மைக்குக்குச் செவ்வந்தி பேசுவதும், பக்கத்து நாற்காலியில் அமிர்தம் பேசுவதும், கீழே லாரியில் யூரியா மூட்டை விழுவதும் எல்லாம் ஒன்றுதான். துணிக்குள் முகத்தை விட்டால் கொஞ்சம் அடங்கும். கொஞ்சம்தான்.

அடங்காவிட்டால் மார்க் போகும். ஒவ்வொரு பேச்சும் பதிவாகிச் சென்னைக்குப் போகிறது. அங்கே யாரோ உட்கார்ந்து கேட்டு நூற்றுக்கு இத்தனை என்று போடுகிறார்கள். பின்னால் இன்னொருத்தி குரல் கேட்டால் பத்து மார்க் வெட்டு. வாடிக்கையாளர் "இன்னாது?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டால் இன்னொரு ஐந்து. மாதச் சராசரி எழுபதுக்குக் கீழே இரண்டு மாதம் போனால் வேலை இல்லை. செவ்வந்திக்குப் போன மாதம் அறுபத்து மூன்று. இந்த மாதம் பத்தாம் தேதி வரைக்கும் அறுபத்து நாலு.

ஆபீசில் ஒரே ஒரு நல்ல ஹெட்செட் உண்டு. சென்னையிலிருந்து வந்தது, காதை முழுசாக மூடும், பக்கத்தில் இடி விழுந்தாலும் மைக்கில் ஏறாது. போன மாதம் அதிக மார்க் வாங்கியவளுக்கு இந்த மாதம் அது பரிசு. பரிசு வாங்கியவளுக்கு அடுத்த மாதமும் அதிக மார்க் வரும், பரிசும் அவளுக்கே. நாலு மாதமாக அது அபிநயா தலையில்தான் இருந்தது. அவள் துணி போர்த்துவதில்லை. கால்மேல் கால் போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரியோடு பேசுகிற மாதிரி பேசுவாள். அதைப் பார்க்கப் பார்க்கச் செவ்வந்திக்கு வயிறு எரியும்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் அவள் மானத்தை விட்டுக் கேட்டாள்.

"அபிநயா, ஒரே ஒரு நாளு குடேன். நாளைக்குத் திருப்பிக் குடுத்துர்றேன்."

"அய்யே, உன் தலையில எண்ணெய் வடியுது. ஸ்பாஞ்சு நாறிப்பூடும்." அபிநயா டிபன் பாக்ஸிலிருந்து நிமிரவே இல்லை. "மார்க் எடுத்து வாங்கிக்கோ. நான் ஓசியிலயா வாங்கினேன்?"

"அதை மாட்டிக்கினா கழுதைகூட மார்க் எடுக்கும்."

"அப்ப நீ கழுதைகிட்டதான் கேக்கணும்" என்றாள் அபிநயா. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

சிரிக்காதவள் அமிர்தம் மட்டும்தான். வெள்ளிமலைக்காரி, இரண்டு பெண்பிள்ளைகளோடு கச்சிராயபாளையத்தில் வாடகைக்கு இருந்தாள். புருஷன் திருப்பூர் போய் மூன்று வருஷம், பணமும் இல்லை, போனும் இல்லை. அமிர்தத்துக்கு இந்த மாதம் எழுபது எழுபத்தொன்று என்று ஊசலாடிக்கொண்டிருந்தது. கை கழுவுகிற இடத்தில் செவ்வந்தியை ஓரமாக இழுத்தாள்.

"அவகிட்ட போய் ஏன் பிச்சை கேக்கற? அது இன்னா அவ அப்பன் வூட்டுதா? திங்கக்கிழமை சூபர்வைசர் சாரு வந்ததும் எல்லாரும் எழுந்து நிப்போம். அதை ஆளுக்கு ஒரு நாள் மாத்தி மாத்திக் குடுங்க, டேபிளுக்கு நடுவுல ரெண்டு பலகைத் தடுப்பு வெச்சுக் குடுங்கன்னு கேப்போம். பலகைக்கு இன்னா ஆயிடப்போவுது?"

"கேட்டா வெளிய போன்னுட்டா?"

"பதினாலு பேரையும் அனுப்பிட்டுத் தைலத்தை அவனே தடவிக்குவானா? நான் பேசறேன். நீ பக்கத்துல எழுந்து நில்லு, போதும். நீ நின்னா மத்ததுங்களும் நிக்கும்."

"சரிக்கா" என்றாள் செவ்வந்தி. சொன்னபோது நிஜமாகத்தான் சொன்னாள்.

பயம் பஸ்ஸில்தான் வந்தது. சின்னசேலத்தில் பஸ் மாறி நைனார்பாளையத்தில் இறங்குகிற வரைக்கும் ஒரே நினைப்பு. அமிர்தம் கேட்டு அந்த ஆள் மறுத்துவிட்டால், நின்றவர்கள் பெயரெல்லாம் சென்னைக்குப் போகும். அறுபத்து நாலு மார்க் வைத்துக்கொண்டு நிற்கிறவளை முதலில் தள்ளுவார்கள். அப்புறம் எங்கே போவது? அம்மா பச்சையம்மாளோடு கரும்பு வெட்டத்தான் போகவேண்டும். பன்னிரண்டாவது படித்துவிட்டு இரண்டு வருஷம் அதைத்தான் செய்தாள். கரும்புச் சோகை கிழித்த தழும்பு இன்னும் முழங்கையில் இருந்தது. அந்த வயலுக்கு மட்டும் திரும்பிப் போகக்கூடாது.

பச்சையம்மாள் அப்போதுதான் வேலை முடிந்து வந்து வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். செவ்வந்தி பையைக்கூட இறக்காமல் விஷயத்தைச் சொன்னாள். கள்ளக்குறிச்சிக் கடையில் அதே மாதிரி ஹெட்செட் இருக்கிறது, இரண்டாயிரத்து எழுநூறு.

"இன்னாது?"

"குட்டிய வித்துடலாம்மா. பெட்டைய வெச்சுக்கலாம். கிடாக்குட்டிய மட்டும்."

"ஆட்டுக்குட்டிய வித்துக் காதுல மாட்டிக்கினு ஆடப்போறியா? உனக்கு இன்னா கிறுக்கா புடிச்சிருக்குது? வேலை குடுக்கறவன்தானே சாமானும் குடுக்கணும்? கரும்பு வெட்டப் போற எனக்கு..." பச்சையம்மாள் நிறுத்திக்கொண்டாள். அவளும் வெட்டரிவாளைச் சொந்தக் காசில்தான் வாங்கியிருந்தாள்.

"அது இல்லாட்டி ஒண்ணாந்தேதி என்னை அனுப்பிடுவாங்க."

"அனுப்பட்டும். ஊர்ல யாரும் பொழைக்கலியா?"

"அப்ப நாளையிலேர்ந்தே உன்கூட வரேன். அரிவாளை எடு."

பச்சையம்மாள் மகளை முறைத்துப் பார்த்தாள். அப்புறம் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள். கம்பெனியை, சென்னையை, தைலத்தை, செவ்வந்தியைப் பெற்ற வயிற்றை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்டு வியாபாரியை அவளே கூட்டிக்கொண்டு வந்தாள். பேரம் பேசி மூவாயிரத்துக்கு முடித்து, நோட்டுகளை மகளின் மடியில் எறிந்தாள்.

"இந்தா, மாட்டிக்கோ. மார்க் வரலேன்னு மட்டும் வந்து நின்னே, அதாலயே உன்னைச் சாத்திடுவேன்."

கடையில் செவ்வந்தி முக்கால் மணி நேரம் நின்றாள். அறுநூறு ரூபாயில் ஒன்று இருந்தது. அதை மாட்டிப் பார்த்தாள். கடைக்கு வெளியே போன ஆட்டோ காதுக்குள்ளேயே வந்தது. கடைக்காரர் பெரியதை எடுத்துக் கொடுத்தார். மாட்டியதும் கடைவீதி முழுக்க வாயடைத்துப் போயிற்று. கண்ணாடிக்கு வெளியே ஒரு லாரிக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டிருப்பது தெரிந்தது, சத்தம் மட்டும் தூரத்து ஊரிலிருந்து வருவதுபோல் இருந்தது. அமிர்தத்திடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாமா என்று போனை எடுத்தாள். சொன்னால் ஏன், எதற்கு என்று பேச்சு வளரும். போனை உள்ளே வைத்துவிட்டுப் பணத்தை நீட்டினாள்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குச் சூபர்வைசர் அறிவுச்செல்வன் வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் அமிர்தம் எழுந்து நின்றாள்.

"சார், எல்லாரும் சேர்ந்து ஒண்ணு கேக்கணும்ங்க."

அவள் இடதுபக்கம் திரும்பிப் பார்த்தாள். செவ்வந்தி புது ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, கீபோர்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அமிர்தம் சொல்வது அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. ஆனால் என்ன சொல்கிறாள் என்று தெரியும். பின்வரிசையில் இரண்டு பேர் பாதி எழுந்தார்கள். செவ்வந்தி எழாததைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்கள்.

அறிவுச்செல்வன் அமிர்தத்தைக் கடைசி வரைக்கும் பேசவிட்டான். அப்புறம் எழுந்து வந்து செவ்வந்தியின் ஹெட்செட்டைத் தன் கையாலேயே கழற்றித் தூக்கிப் பிடித்தான்.

"தோ பாருங்க. இவ கேட்டாளா? தடுப்பு வை, பலகை வைன்னு வந்து நின்னாளா? சொந்தக் காசு போட்டு வாங்கிக்கினு வந்திருக்குறா. இவ வூட்டுல இன்னா பண்ணையா ஓடுது? இவ அம்மா கரும்பு வெட்டுது. வேலை மேல அக்கறை இருக்கறவங்க இப்படித்தான் இருப்பாங்க. சும்மா எழுந்து நின்னு டைமை வேஸ்ட் பண்ண மாட்டாங்க."

போனில் ஒரு படம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினான். செவ்வந்தியைச் சிரிக்கச் சொன்னான். சிரித்தாள்.

அதற்கப்புறம் அமிர்தம் அவளோடு பேசவில்லை. மற்றவர்கள் பேசினார்கள், அவள் காதில் விழுகிற மாதிரி. "மகாராணிக்குத் தண்ணி மொண்டு குடுங்கடி" என்பார்கள். சாப்பிட உட்கார்ந்தால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். செவ்வந்திக்கும் கோபம் வந்தது. இவளுகளா வந்து என் வீட்டு அடுப்பில் சோறு வைக்கப்போகிறார்கள் என்று உள்ளுக்குள் திட்டிக்கொண்டே டயல் செய்தாள். தொண்ணூறு, எண்பத்தெட்டு, தொண்ணூற்றிரண்டு என்று மார்க் வந்தது. துணி போர்த்துவதை விட்டாள். கத்துகிற பழக்கம் மட்டும் விடவில்லை. பக்கத்தில் பதின்மூன்று பேர் கத்தும்போது வாய் தானாகக் கத்தியது.

மாதக் கடைசியில் அவளுக்கு எண்பத்தொன்று. அமிர்தத்துக்கு எழுபத்திரண்டு. இரண்டு பேரும் தேறியிருந்தார்கள். அன்று சாயங்காலம் அறிவுச்செல்வன் எல்லோரையும் இருக்கச் சொன்னான்.

"சென்னையில செவ்வந்தி கால்ஸைப் போட்டுக் கேட்டிருக்காங்க. சொந்த ஹெட்செட் இருந்தா எண்பதுக்கு மேல வருதுன்னு தெரிஞ்சு போச்சு. அதனால இனிமே எண்பதுதான் பாஸ். இந்த மாசத்துலேர்ந்தே கணக்கு. ஆபீஸ் ஹெட்செட்டைத் திருப்பி அனுப்பச் சொல்லிட்டாங்க. எண்பது வந்தவங்க நாளைக்குச் சொந்தமா வாங்கிக்கினு வாங்க. மத்தவங்களுக்கு, தேவைப்பட்டா போன் பண்ணுவோம்."

"உன்னால எனக்கு ரெண்டாயிரத்து எழுநூறு தண்டம்டி, நாசமா போறவளே" என்று அபிநயா எல்லோர் முன்னாலும் சொன்னாள். அவளுக்கு எண்பத்தொன்பது, வாங்கிவிடுவாள். எட்டுப் பேருக்கு எண்பது இல்லை.

அமிர்தம் தன் ஹெட்செட் வயரைச் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு படி இறங்கினாள். செவ்வந்தி பின்னாலேயே ஓடிப்போய் உரக்கடை வாசலில் பிடித்தாள்.

"அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா. எனக்கு வேற வழி இல்ல."

"எனக்கு மட்டும் இருந்துச்சா?" அமிர்தம் கையை உதறினாள். "எழுபது கேட்டான், நான் எழுபத்திரண்டு குடுத்தேன். என் நூத்தம்பது ரூபா சாமானை வெச்சுக்கினு, துணிக்குள்ள வெந்து வெந்து குடுத்தேன். நீ போய் எண்பத்தொண்ணு வாங்கிக் காட்டிட்ட. போ. பஸ்ஸு வந்துடும்."

மறுநாள் காலையில் செவ்வந்தி மாடியேறியபோது எட்டு நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி மூலையில் தள்ளியிருந்தார்கள். மீதி ஐந்து பேரும் ஒருத்திக்கொருத்தி எட்ட உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. அவள் ஹெட்செட்டை மாட்டி முதல் எண்ணை அழுத்தினாள். திருநாவலூர்.

"வணக்கம் ஐயா! முட்டிவலித் தைலம் கேட்டு மிஸ்டு கால் குடுத்திருந்தீங்களே!"

"யம்மா, யம்மா!" என்றது அந்தப் பக்கத்துக் கிழவர் குரல். "எதுக்கும்மா இந்தக் கத்து கத்தற? அங்கதான் ஒரு ஆளு சத்தமும் காணோமே. எனக்கு முட்டியிலதான் வலி, காது நல்லாக் கேக்குது."