விசாலி உட்கார்ந்த சீட்டு

முருகப்பன் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. ஐம்பத்து நாலு வயதில் அந்தப் பெரிய மோட்டார் சைக்கிளை வாங்கியபோதும் அப்படித்தான். வண்டி வருவதற்கு முன்பே, பின்னால் ஒருவரை உட்கார வைத்து அலுங்காமல் ஓட்டுவது எப்படி என்று போனில் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினார். ஆள் ஏறுவதற்கு முன் பின்பக்க ஷாக் அப்சார்பரை இறுக்க வேண்டும், டயரில் கொஞ்சம் காற்றுக் கூட்ட வேண்டும், கியர் மாற்றும்போது பின்னால் இருப்பவரின் ஹெல்மெட் வந்து நம் ஹெல்மெட்டில் இடிக்கக் கூடாது. எல்லாம் அத்துப்படி. பின்னால் உட்காரப்போகிற மனைவி விசாலியை அவர் எதுவும் கேட்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கேட்டார். கேட்ட விதத்தில்தான் கோளாறு.

மகள் கல்யாணமாகிச் சிங்கப்பூர் போன பிறகு காரைக்குடி வீட்டில் கணவன் மனைவி இருவர்தான். செக்காலை ரோட்டில் பெயின்ட் கடை. முருகப்பன் இருக்கிற பேச்சையெல்லாம் கடைக்கு வருகிறவர்களிடம் செலவழித்துவிட்டு, வீட்டுக்கு வெறும் வாயோடு வருவார். சாப்பிடுவார், டிவி பார்ப்பார், தூங்குவார். தனக்குப் பழகிவிட்டது என்று விசாலி அடிக்கடி சொல்லிக்கொள்வாள். பழகிவிட்டவர்கள் அதை அடிக்கடி சொல்ல மாட்டார்கள்.

சேலை கட்டிக்கொண்டு ஒருபக்கமாக உட்கார அந்த வண்டி தோதுப்படாது. நாற்பத்தெட்டு வயதில் விசாலி முதல்முறையாகச் சுடிதார் தைத்துப் போட்டாள். ஏறுவதற்கு அவள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எதிர்வீட்டு நாகம்மை வாசலுக்கு வந்துவிட்டாள்.

“என்ன ஆச்சி, காலேசுக்குக் கெளம்பிட்டீகளா?”

“ஆமா, பரீட்சை இருக்கு. நீங்களும் வாரீகளா?” என்றாள் விசாலி. கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் சிரிப்பும் வந்தது.

கல்லல் வரைக்கும் போனார்கள். வண்டியில் ஏறியதும் முருகப்பன் வேறு ஆளாகிவிட்டார். ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, நிதானமாக ஓட்டியபடி பேசிக்கொண்டே வந்தார்.

“அங்குட்டுப் பாரு விசாலி, கம்மாயில எம்புட்டு நாரை!”

“பாத்தேன், பாத்தேன். நீங்க ரோட்டப் பாருங்க.”

அவர் பிறகு தன் அப்பச்சியைப் பற்றிச் சொன்னார். மலேசியாவில் அத்தனை வருஷம் இருந்த மனிதருக்குப் பெற்ற மகனுக்கு ஒரு சைக்கிள் வாங்க மனசு வராமல் போனதையும், தான் பத்தாம் வகுப்பு வரை பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போனதையும் சொன்னார். இத்தனை வருஷத்தில் விசாலி கேட்டறியாத கதை. பாதியைக் காற்று கொண்டுபோனது. மீதி பாதியே அவளுக்கு ஒரு வாரத்துக்குப் போதுமானதாக இருந்தது. அடுத்த ஞாயிறு எப்போது வரும் என்று இருந்தாள்.

பின் சீட்டு ஒடுக்கமாகவும் கல்லு மாதிரியும் இருந்தது. அரை மணி நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அவரும் கேட்கத்தான் செய்வார்.

“நிப்பாட்டவா? இடுப்பு கிடுப்பு வலிக்குதா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல, போங்க.”

நிறுத்தினால் இறங்குவார். இறங்கினால் போனை எடுப்பார். அப்புறம் பேச்சு எங்கே? விசாலிக்கு வலியைவிடப் பேச்சுதான் பெரிதாக இருந்தது. இதை அவரிடம் சொல்லித் தொலைத்திருக்கலாம். எனக்கு அவள் மேலும் கோபம்தான்.

தொண்டிக்குப் போன அன்று குட்டு வெளிப்பட்டுவிட்டது. கடற்கரையில் இறங்கியவளால் நிமிர முடியவில்லை. வண்டியைப் பிடித்துக்கொண்டு வளைந்தபடி நின்றவளை முருகப்பன் பார்த்தார். திரும்பி வரும்போது வாயே திறக்கவில்லை. ஒரு பள்ளத்திலும் இறக்காமல் பார்த்துப் பார்த்து ஓட்டினார்.

வாரத்தின் நடுவில் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார்.

“ஞாயித்துக்கெழம தனுஷ்கோடி வரைக்கும் போவம்னு இருக்கேன். தூரம் சாஸ்தி. நீ வாரியா?”

“நீங்க போயிட்டு வாங்க.”

கண்டனூரில் சொந்தக்காரர் கல்யாணம் என்றால் பந்தி விசாரிக்க முருகப்பனைத்தான் கூப்பிடுவார்கள். போதும் என்று இலையைக் கையால் மறைப்பவரிடம், “அட, நம்ம வீட்டுல என்ன கூச்சம்!” என்று இன்னொரு கந்தரப்பத்தை வைத்துவிட்டுத்தான் நகர்வார். இந்தப் பக்கத்தில் முதல் தடவை சொல்கிற ‘வேண்டாம்’ வேண்டாம் ஆகாது, இன்னொரு தடவை கேளுங்கள் என்றுதான் அதற்கு அர்த்தம் என்பது அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊரையெல்லாம் இரண்டு தடவை கேட்கத் தெரிந்த மனிதர், பெண்டாட்டியை ஒரு தடவையோடு நிறுத்திக்கொண்டார்.

“சரி,” என்றார். அவர் முகம் தெளிந்ததை விசாலி பார்த்தாள். இனி அவளை வதைக்க வேண்டாம் என்ற நிம்மதி அது. அவளுக்கு அது தன்னைக் கழற்றிவிட்ட நிம்மதியாகத்தான் தெரிந்தது.

ஆனாலும் அவள் நம்பிக்கையை விடவில்லை. ஞாயிறுக்குள் இன்னொரு தடவை கேட்பார் என்று நினைத்தாள். மறுநாள் ஆட்டோ சீட் தைக்கிற கடைக்குப் போய், சீட்டின் அளவைச் சொல்லி, நல்ல ஃபோம் வைத்து இரண்டு பக்கமும் வார் போட்டு மெத்தை ஒன்று தைக்கச் சொன்னாள். சனிக்கிழமை அதைப் பையில் வாங்கிக்கொண்டு வீடு வந்தபோது வாசலில் வண்டி நின்றது. பின் சீட்டு இல்லை. அந்த இடத்தில் பை கட்டுகிற இரும்புச் சட்டம் ஒன்று பளபளவென்று இருந்தது.

“செல்வம் ஒர்க்‌ஷாப்புல மாட்டினேன். பழைய சீட்ட அவனே எடுத்துக்கிட்டான்,” என்றார் முருகப்பன். “நீயும் இனிமே எனக்காகக் கஷ்டப்பட வேணாம். பையில என்ன?”

“தலகாணி,” என்று உள்ளே போய்விட்டாள்.

ஞாயிறு விடிந்ததும் முருகப்பன் தனியாகக் கிளம்பினார். வண்டி லேசாக ஓடியது. ராமநாதபுரம் தாண்டி, “அங்குட்டுப் பாரு, எம்புட்டு மயிலு!” என்றார். பின்னாலிருந்து பதில் வரவில்லை. தன் குரல் தனக்கே கேட்டதும் வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு வழி நெடுக அவர் பேசவில்லை. பேசாமல் ஓட்டும்போது அந்த ரோடு வெறும் ரோடாக இருந்தது.

தனுஷ்கோடியில் இரண்டு பக்கமும் கடல். வண்டியை நிறுத்திவிட்டுப் போன் போட்டார்.

“நீயும் வந்திருக்கலாம் விசாலி.”

அந்தப் பக்கம் மிக்ஸி ஓடுகிற சத்தம் நின்றது. 

“இத அன்னைக்கிச் சொல்லியிருந்தீகன்னா வந்திருப்பேன்.”

“வாரியான்னு கேட்டேன்ல?”

“கேட்டீக. வான்னு சொல்லலயே.”

 புதுச் சீட்டு வாங்கி மாட்டிவிடலாம், அது ஒரு காரியமா? ஆனால் அன்று ‘சரி’ என்றபோது தன் முகம் தெளிந்ததை அவள் பார்த்துவிட்டாளே, அதை எப்படித் திரும்ப வாங்குவது?

“சரி, திரும்பி வரயில ஒரே மூச்சா ஓட்டாதீக,” என்றாள் விசாலி. “அங்கங்க நிப்பாட்டிக் கொஞ்சம் நடங்க. இல்லைன்னா அரை மணியில இடுப்பு புடிச்சுக்கிரும். ராத்திரி திரும்பிப் படுக்க முடியாது. மறுநா குனிஞ்சு ஒரு பாத்திரம் எடுக்க முடியாது.”

“சரி,” என்றார் முருகப்பன். அவருக்கு ஒருநாளும் இடுப்பு வலித்ததில்லை. முன் சீட்டு நல்ல அகலம்.