கந்தப்பனின் மூன்றாவது கிட்டார்

கந்தப்பன் புது பேஸ் கிட்டாரோடு மேடை ஏறினால் கொழும்புக் கூட்டம் முதலில் பார்ப்பது அதன் கழுத்தைத்தான். விரலை எங்கே அழுத்த வேண்டும் என்று காட்டுவதற்கு எல்லாக் கிட்டார் கழுத்திலும் குறுக்கே பித்தளைக் கம்பி பதித்திருப்பார்கள். பிரெட் என்பார்கள் அதை. கந்தப்பனின் கிட்டார்களில் மருந்துக்கும் அது இருக்காது. ஜப்பான் வெள்ளைக் கிட்டாராகட்டும், ஜெர்மன் சிவப்புக் கிட்டாராகட்டும், வீட்டுக்கு வந்ததும் குறட்டால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்துவிடுவான். பைத்தியம் என்றார்கள் சிலர். மேதை என்றார்கள் சிலர். இரண்டுமில்லை. தப்புக் கணக்கில் வந்த பழக்கம் அது.

மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில், தேயிலை அரைக்கும் ஸ்டோரில் தேயிலைப் பெட்டி அடிப்பதுதான் அவன் வேலை. முதல் பேஸும் ஒரு தேயிலைப் பெட்டிதான். கவிழ்த்துப் போட்ட பெட்டியின் நடுவில் ஓட்டை, ஓட்டையில் ஒரு முறுக்குக் கயிறு, கயிற்றின் மறுமுனை ஒரு கம்பில். கம்பைச் சாய்த்து இழுத்தால் சத்தம் ஏறும், விட்டால் இறங்கும். எந்த இடத்தில் எந்தச் சுரம் என்று பெட்டி சொல்லாது, காதுதான் சொல்ல வேண்டும்.

"வெளக்கமாத்துக் கம்பக் காணோம்னு லயம் பூரா தேடுறேன். இவரு அதுல பாட்டுப் படிக்கிறாரு!" என்று நல்லம்மா லயத்து வீட்டு வாசலில் நின்று கத்தினாள். கட்டிக்கொண்டவள் கத்தினாலும் தாளம் தப்பாது என்பான் கந்தப்பன்.

பதுளைக் கடைவீதியில் ரேடியோ திருத்தும் ஹுமைத், 'ஊவா தண்டர்ஸ்' என்று ஒரு இசைக் கோஷ்டி தொடங்கியபோது இவனைச் சேர்த்துக்கொண்டார். இரண்டாவது கிட்டார் அவருடையது. சாதாரண ஸ்பானிஷ் கிட்டாரில் நாலு தடிக் கம்பியைப் பூட்டி, பேஸ் என்று பெயர் வைத்தார்கள். பாவம், அது ஒரு மாதம் தாங்கியது. பிறகு ஒரு மத்தியானம் முகப்பலகை படாரென்று பிய்ந்து, ஹுமைத்தின் பிளேன்டீக் கிளாஸையும் சேர்த்துக் கவிழ்த்தது.

எழுபத்துமூன்றாம் ஆண்டு. வெளிநாட்டுச் சாமான் எதுவும் நாட்டுக்குள் வராத காலம். பணம் இருந்தாலும் பேஸ் கிட்டார் கிடையாது. "அப்ப நானே செய்றேன் நானா" என்றான் கந்தப்பன். ஹுமைத்தை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவான்.

பலாப் பலகையை, ஸ்டோரை நடத்தும் டீமேக்கரின் காலைக் கையைப் பிடித்து, கொழுந்து வாட்டும் மாடியில் மூன்று மாதம் காயப்போட்டான். ஊருக்குப் போன வெள்ளைக்காரத் தொரை பங்களாவில் விட்டுப்போன பியானோவைக் கறையான் தின்றுகொண்டிருந்தது. அதிலிருந்து செம்பு சுற்றிய கம்பி நாலை உருவினான். கம்பியின் அதிர்வை ஒலிபெருக்கிக்கு அனுப்பும் காந்தமும் சுருளும் ஹுமைத் கொடுத்தார். பிரெட்டுக்கு மட்டும், உடைந்த ஸ்பானிஷ் கிட்டாரை வைத்து அடிக்கோலால் அளந்து, அதே இடைவெளியில் பதித்தான்.

அங்கேதான் சறுக்கியது. புதுக் கழுத்து முக்கால் அடி நீளம் கூட. கழுத்து நீண்டால் இடைவெளியும் நீள வேண்டும் என்று பெட்டி அடிக்கிறவனுக்கு யார் சொன்னது? ஒரு சுரமாவது சரியாக விழவில்லை. ஹுமைத் தலையில் கை வைத்தார்.

"மூணு மாசம் வீணாப் போச்சே கந்தப்பன்!"

"ஏன் நானா வீணாப்போகுது? தேயிலைப் பெட்டியில பிரெட்டா இருந்திச்சு?"

அன்றே குறடு எடுத்துப் பிரெட்டை எல்லாம் பிடுங்கினான். காடிகளை மரத்தூளும் பசையும் வைத்து அடைத்தான். தப்பான இடங்களில் கோடுகள் மட்டும் தழும்பாக நின்றன. அவற்றைப் பார்க்காமல், காதை மட்டும் நம்பி விரல் வைத்தான். சத்தம் நெஞ்சுக்குழிக்குள் இறங்கியது.

அந்த வருஷம் பதுளை நகர மண்டபத்தில் ஒரு பகல் கச்சேரி. கொழும்பிலிருந்து பெரிய கோஷ்டி ஒன்று வருகிறது, முன்னால் ஊவா தண்டர்ஸுக்கு மூன்று பாட்டு. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் கந்தப்பன் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டான். நாற்பது பேர் லொறியில் வந்து இறங்கினார்கள். நல்லம்மா கலியாணக் கூறைச் சேலையில் முன் வாங்கில் உட்கார்ந்திருந்தாள்.

மேடைக்குப் பின்னால், விழாக் குழுச் செயலாளர் புவாத் டையைச் சரிசெய்துகொண்டே வந்து கிட்டாரைப் பார்த்தார்.

"இது என்ன, தேயிலைப் பெட்டியா? கொழும்புக்காரர் முன்னுக்கு இதத் தூக்கிட்டு ஏறினா எங்கட மானம் போயிரும். ஒங்கட மூணு பாட்டும் இல்ல. போங்க."

ஹுமைத் வாதாடினார். புவாத் காதில் போட்டுக்கொள்ளவில்லை. திரைச்சீலை இடுக்கால் கந்தப்பன் பார்த்தான். தோட்டத்து ஆட்கள் கண்கொட்டாமல் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர்கள் முகத்தில் இனி எப்படி விழிப்பது?

அந்த நேரம் பார்த்துக் கொழும்புக் கார் வந்து நின்றது. அவர்கள் முகத்திலும் ஈயாடவில்லை. காரின் கூரையில் கட்டியிருந்த பேஸ் கிட்டார் தெமோதரைக்கு இந்தப் பக்கம் ஒரு வளைவில் கயிறு அவிழ்ந்து விழுந்து, தலை தனியாக முறிந்து தொங்கியது. பேஸ் இல்லாத கச்சேரி உப்பில்லாத குழம்பு. அதுவும் எண்ணூறு டிக்கெட் விற்ற குழம்பு.

புவாத்தின் கண் மெல்ல அந்தத் தேயிலைப் பெட்டிப் பக்கம் திரும்பியது.

கொழும்பு பேஸ்காரர் அதை வாங்கி மாட்டினார். கழுத்திலிருந்த கோட்டைப் பார்த்து விரலை வைத்தார். அபசுரம். அடுத்த கோடு. அதைவிட அபசுரம். வியர்த்து வழிந்தது அவருக்கு.

"இதுல மனுசன் வாசிக்க முடியாது" என்றார்.

"குடுங்க ஐயா" என்று கந்தப்பன் வாங்கினான். கண்ணை மூடிக்கொண்டு அவர்களுடைய பேர்போன பாட்டின் தொடக்கத்தையே எடுத்தான். ஹுமைத்தின் கடை ரேடியோவில் நூறு தடவை கேட்டது. முறிந்த கிட்டாரைப் பிடித்துக்கொண்டு நின்ற பேஸ்காரரின் வாய் தானாகத் திறந்தது.

"ஆளு நீங்கதான். எங்களோட வாசிங்க" என்றார் கோஷ்டித் தலைவர்.

இதுவரை யாரிடமும் எதிர்த்துப் பேசி அறியாத கந்தப்பன் நிமிர்ந்தான்.

"வாசிக்கிறேங்க. ஆனா மொதல்ல எங்க மூணு பாட்டு. அத இந்த ஐயாதான் மைக்குல சொல்லணும்."

புவாத்துக்கு வேறு வழியில்லை. மைக்கைப் பிடித்தபடி, "பேர எப்படிச் சொல்றது?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"ஸ்டோர்ல பொட்டி அடிக்கிற கந்தப்பன்னே சொல்லுங்க."

சொன்னார். மண்டபத்தின் ஒரு பக்கம் கைதட்டலில் வெடித்தது. பியானோக் கம்பி முதல் அடியிலேயே மரவாங்குகளை அதிர வைத்தது. மூன்று பாட்டு ஐந்தானது. பிறகு கொழும்புக்காரர்களோடு இரண்டு மணி நேரம். கந்தப்பனுக்கு வந்த சந்தோசத்தில் கால் தரையில் நிற்கவில்லை. நல்லம்மா கூறைச் சேலையோடு வாங்கின் மேல் ஏறி நின்று, "எங்க வீட்டுக்காரரு! எங்க வீட்டுக்காரரு!" என்று பக்கத்திலிருந்த புவாத்தின் மனைவியின் தோளை உலுக்கினாள்.

கச்சேரி முடிந்ததும் கொழும்பு பேஸ்காரர் தன் முறிந்த கிட்டாரை அவன் கையில் கொடுத்தார். "ஒட்டி எடுத்து நீங்களே வச்சுக்கங்க. அடுத்த மாசம் அதத் தூக்கிக்கிட்டு கொழும்புக்கு வாங்க" என்றார்.

அதுதான் நாலாவது. அசல் வெளிநாட்டுச் சாமான், கழுத்து நிறையப் பளபளவென்று பிரெட். லொறியில் நாற்பது பேரும் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். நல்லம்மா முந்தானையால் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பதுளை டவுனைத் தாண்டுவதற்குள் கந்தப்பன் முன்பக்கம் எட்டி, டிரைவரின் தோளைத் தட்டினான்.

"அண்ணே, குறடு இருக்கா?"