சொத்தைக் கடலை

‘ஜீன்’ என்ற ஒரு சொல்தான் நஞ்சப்பனின் காதில் விழுந்தது. கல்லீரலில் புற்றுநோய், நுரையீரலுக்கும் போய்விட்டது என்று டாக்டர் கோகிலவாணி சொன்னதெல்லாம் அதற்குப் பின்னால் மங்கிப்போயிற்று.

“ஜீன்னா பரம்பரைதானேங்க?”

மகள் மலர்விழிக்குத் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வீடு பொம்மிடி. நோயை மறைத்துப் பெண்ணைத் தள்ளிவிட்டான் என்ற பேச்சு ஏரியூர் நஞ்சப்பனுக்கு ஆகாது. போனை எடுத்தார். “சம்பந்திகிட்ட வேண்டாம்னு சொல்லிடறேன்.”

“டாக்டர் சொல்லி முடிக்கட்டும்ப்பா. நீங்க பாட்டுக்குக் கல்யாணத்த நிறுத்தாதீங்க.” மலர்விழி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

“தோட்டத்துல மோட்டார் இருக்குங்களா?” என்று டாக்டர் கேட்டார். “தொட்டி நெறஞ்சும் நிக்கலன்னா?”

“தண்ணி வரப்ப ஒடச்சுக்கிட்டுப் பக்கத்துக் காட்டுக்குப் போயிடும்ங்க.”

“அதேதான். செல்லை வளரச் சொல்ற ஜீனும் இருக்கு, நிறுத்தச் சொல்ற ஜீனும் இருக்கு. எது எப்ப வேலை செய்யணும்னு ஒரு கட்டுப்பாடு. உங்க ஈரல்ல அது கெட்டுப்போச்சு. வளர்றது நிக்கல, எடம் விட்டு எடமும் போகுது. பொறக்கும்போதே வந்ததில்ல, நடுவுல கெட்டது. பொண்ணுக்குப் போகாது.” டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டினார். “குடி இல்ல, காமாலைக் கிருமியும் இல்ல. பூஞ்சை புடிச்ச கடலை சாப்பிடுவீங்களா?”

நஞ்சப்பன் மகளைப் பார்த்தார். முப்பது வருஷமாகத் தோட்டத்து நிலக்கடலையில் நல்ல பருப்பெல்லாம் விற்பனைக்கு, மண்டிக்கு. கறுத்தது, சுருங்கியது வீட்டுச் சட்னிக்கு. கசக்கிறதென்று அவள் ஒதுக்கும்போதெல்லாம், “மகாராணிக்கு மொத ரகம் கேக்குதோ?” என்று ஏசியவர் அவர்தான்.

“அந்தப் பூஞ்சையோட விஷம் ஈரல் செல்லோட ஜீனைக் கெடுக்கும். அதனாலதான் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இனிமே வேண்டாம்.”

வெளியே வந்ததும் போனைக் கேட்டு வாங்கினார். சம்பந்தி குப்புராஜிடம் நோயையும் கடலையையும் ஒன்றுவிடாமல் சொன்னார். மலர்விழி நகத்தைக் கடித்தாள்.

“எங்க வூட்லயும் சட்னிக்குச் சொத்தைதானுங்க, சம்பந்தி,” என்றார் குப்புராஜ் கடைசியில். “உங்க மாப்ள ரெண்டு கரண்டி கேட்டு வாங்கித் திம்பான்.”

“மொதல்ல அதக் குழி தோண்டிப் பொதைங்க! மாட்டுக்குக்கூட வெக்காதீங்க! இல்லன்னா பொண்ணு கெடையாது!”

வராந்தாவே திரும்பிப் பார்த்தது. மலர்விழி சிரித்துவிட்டாள்.

தைக்கு இன்னும் நான்கு மாதம். அதுவரை தான் இருக்க வேண்டுமே என்ற நினைப்பு அப்போதுதான் அவருக்கு வந்தது.

“வைத்தியம் எப்ப ஆரம்பிக்கணும்னு கேக்கவே இல்லையே, கண்ணு,” என்று டாக்டரின் அறைப் பக்கம் திரும்பி நடந்தார்.