இன்ஜின் இல்லாத வண்டியின் இன்ஜின் லைட்டு

இன்ஜினே இல்லாத காருக்கு இன்ஜின் படம் போட்ட லைட்டை எந்தப் புண்ணியவான் வைத்தானோ, அவன் கையில் கிடைத்தால் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று ஐப்பசியிலிருந்து காத்திருந்தாள் கலைமதி. கரண்டில் ஓடுகிற வண்டி. அதற்கு எதற்கு இன்ஜின் லைட்டு? ஆனால் எரிந்தது. மஞ்சளாக, ஸ்டீயரிங்குக்குப் பின்னால், அவள் மூஞ்சிக்கு நேராக எரிந்தது. எரிந்தால் எரிந்துகொண்டே இருந்தாலும் பரவாயில்லை. ஆவுடையார்கோவில் வருகையில் எரியும். ரெண்டு நாள் கழித்துப் பார்த்தால் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும்.

மாமனார் வெள்ளைச்சாமிக்குக் கிட்னி இரண்டும் கைவிட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் புதுக்கோட்டையில் டயாலிசிஸ். முதல் வருடம் பூராவும் பஸ்ஸில்தான் கூட்டிப் போனாள். ஒருநாள் திரும்பும்போது அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் அவர் வாந்தியெடுத்து மயங்கிச் சரிந்துவிட்டார். தண்ணி கேட்டு அவள் அல்லாடினாள். பட்டப்பகல்லயே ஊத்திட்டான் போல என்று ஒருவன் சொல்லிக்கொண்டே தாண்டிப் போனான். அன்று கத்தாரில் இருக்கும் புருஷன் அரவிந்த்குமாருக்கு போன் போட்டு அவள் அழுத அழுகையில்தான் இந்தக் கார் வந்தது. நாற்பதே நாளில் ஓட்டக் கற்றுக்கொண்டாள்.

லைட்டு வந்ததும் அவன் குரல் மாறிவிட்டது. ஒனக்கு ஓட்டத் தெரியல, சார்ஜ் போடத் தெரியல என்று வாரம் ஒருதரம் ஸ்பீக்கரில் அர்ச்சனை நடக்கும். மாமனார் பக்கத்து சீட்டில் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். கடைசியாகச் சொல்லிவிட்டான்: பங்குனியில் லீவுக்கு வருவான், அதற்குள் லைட்டு சரியாகாவிட்டால் வண்டியை விற்றுவிடுவான், ஆளும் பார்த்தாச்சு. அப்பாவோடு நடுரோட்டில் நின்றால் என்ன செய்வாய் என்றும் கேட்டான். வண்டி போனால் மறுபடியும் அதே பஸ் ஸ்டாண்டு.

புதுக்கோட்டை சர்வீஸ் சென்டருக்கும் நடையாய் நடந்தாயிற்று. மாமனார் மிஷினில் படுத்திருக்கும் நாலு மணி நேரத்தில்தான் போக முடியும். அதிலும் புதன்கிழமை ஆகாது. அன்றைக்கு அதே ஊரில் இருக்கும் நாத்தனார் சத்யபிரியா வீட்டுக்கு மீன் கொண்டுபோகும் நாள். விடிகாலையில் ஜெகதாப்பட்டினத்து மீன்காரர் கொண்டுவரும் மீனை, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு மாமனாரே அடுக்குவார். அவருக்கு இப்போது மீன் ஆகாது. மகள் தின்னட்டும் என்பார். திங்களும் வெள்ளியும் அந்த வீட்டில் கவுச்சி கிடையாது. புதன் சாயங்காலம் ஊர் திரும்பியதும், உடம்பில் சத்தே இல்லாவிட்டாலும், டிக்கியைத் திறந்து காலிப் பெட்டியை அவர்தான் எடுப்பார். அவளைத் தொடவிட மாட்டார். கிழவனுக்கு மகள் பாசம் என்று அவளும் விட்டுவிட்டாள்.

திங்களிலும் வெள்ளியிலும் வண்டியைக் கொண்டுபோனால் அந்த லைட்டு எரியவே எரியாது. கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, ஏதோ வந்து போயிருக்கு, எதனாலன்னு காட்டல என்பார்கள். மெக்கானிக் தமிழ்செல்வன் மட்டும் கொஞ்சம் மனுஷன். லைட்டு எரிகிற நாளையெல்லாம் குறித்துக்கொண்டு வரச் சொன்னான். ஐப்பசியிலிருந்தே அவள் வீட்டுக் காலண்டரில் சுழித்து வைத்திருந்தாள். மாசி மாதத்து ஒரு திங்கட்கிழமை அந்தத் தாள்களைக் கிழித்துக்கொண்டு போய் அவன் மேஜையில் போட்டாள்.

அவன் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தான். சுழி எல்லாம் புதனிலும் வியாழனிலுமே கிடந்தது. கார்த்திகை, மார்கழி இரண்டு தாளும் சுத்தமாக இருந்தன.

"இந்த ரெண்டு மாசமும் வண்டி எடுக்கலையா மேடம்?"

எடுக்காமல் என்ன? மழையிலும் பனியிலும் ஒரு நாள் விடாமல் ஓட்டினாள். லைட்டு எரியவில்லை, அவ்வளவுதான். தானாகச் சரியாகிவிட்டது என்று அரவிந்த்கூட சொன்னான். தை பிறந்ததும் திரும்ப ஆரம்பித்தது. தை பிறந்ததும் என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அவளுக்குப் பொறி தட்டியது.

"எங்க நாத்தனார் வீட்டுக்காரர் மலைக்கு மாலை போட்டிருந்தாருங்க."

அதுக்கும் காருக்கும் என்ன மேடம் என்றான் அவன்.

"அந்த வீட்டுல மீன் கெடையாது அப்ப."

மீன் பெட்டி வைக்கும் டிக்கியைத் திறந்தான். மேலுக்குப் பளிச்சென்று இருந்தது. அடியில் போட்ட பலகையைத் தூக்கினான். மூலையில் ஒரு வயர் ஜாயிண்டு பச்சை பூத்துக் கிடந்தது. அதன்மேல் இரண்டு மீன் செதில் ஒட்டியிருந்தது. ஐஸ் உருகி மீன் தண்ணி இறங்கும்போது லைட்டு எரிந்திருக்கிறது, காய்ந்ததும் அணைந்திருக்கிறது. ஜாயிண்டை மாற்றிக் கொடுத்துவிட்டு, இனிமேல் சொட்டுத் தண்ணி ஆகாது என்றான்.

திரும்பி வரும்போது மாமனாரிடம் நடந்ததைச் சொன்னாள். அறந்தாங்கி தாண்டும்போது அவர் சொன்னார்.

"தண்ணி வடிஞ்சது எனக்குத் தெரியும்த்தா. துண்டால தொடச்சு வச்சேன்."

அவள் வண்டியை ஓரங்கட்டினாள். எரிச்சல் தலைக்கு ஏறியது. நாலு மாதம்.

"எம்மேல பழி விழுந்தப்பல்லாம் பக்கத்துலதான இருந்தீங்க, மாமா?"

அவர் ஊசி குத்திய கையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"மீனு வேணாம்னு சொல்லிருவீகன்னு பயந்துட்டேன். மீனு இல்லேன்னா புதுக்கோட்டைக்கு நான் எதுக்கு வாரேன், ஊசி குத்திக்கவா?"

அந்த நேரம் பார்த்து அரவிந்தின் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள். டிக்கி, மீன் தண்ணி என்று அவள் ஆரம்பிப்பதற்குள், நான்தான் அப்பவே சொன்னேன்ல, ஒரு வண்டியை வச்சுக்கத் தெரியுதா என்று அவன் தொடங்கினான். மாமனார் கையை நீட்டிப் போனை வாங்கினார்.

"டேய், பெட்டிய வச்சது நான். தொடச்சு மறைச்சது நான். அவ ஓட்டுறதுல ஒரு குத்தமும் இல்ல. வண்டிய வித்தா நான் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேன்."

சரிப்பா, விக்கல என்றான் அரவிந்த். கலைமதிக்குக் கண்ணில் தண்ணி முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையில் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தாள்.

புதன்கிழமை காலை பெரிய அலுமினியச் சட்டி ஒன்றைக் கழுவிக் கொண்டுவந்து, முன் சீட்டில் மாமனார் காலடியில் வைத்தாள். மீன் பெட்டியை அதற்குள் இறக்கினார். போகும் வழியெல்லாம், வளைவு வரும்போதெல்லாம், இரண்டு முழங்காலாலும் அதை இடுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார். லைட்டு எரியவில்லை. அவள் பழக்கதோஷத்தில் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள். ரோட்டைப் பாருத்தா என்றார்.

அவளுக்கு முதுகு வலித்தது. நாலரைக்கு எழுந்த தூக்கம் கண்ணைச் சொக்கியது. வெள்ளிக்கிழமையும் எழ வேண்டும், அடுத்த திங்களும் எழ வேண்டும். சட்டிக்குள் ஐஸ் தண்ணி சளக் சளக் என்று ஆடியது. இந்த மனுஷனுக்கு இன்னும் நிறைய புதன்கிழமை வேண்டும் என்று அவள் மனதாரக் கேட்டுக்கொண்டாள்.