இந்த வாரச் சீட்டு

கிருபாவதி பைபிளுக்குள் விரலை விட்டு அந்தச் சீட்டை எடுத்தாள். எடுத்தவள் கொடுக்கவில்லை. போதகர் நீட்டிய கை காத்திருந்தது. ஹாலில் அவள் கணவர் பாக்கியநாதன் பெட்டிக்குள் படுத்திருந்தார், கிறிஸ்துமஸுக்குத் தைத்த வெள்ளைச் சட்டையில்.

"காலைல கோயில்ல அவரு சீட்டு இல்லாமயே முடிஞ்சிருச்சும்மா. இங்க அடக்க ஆராதனையிலயாவது படிச்சிடறேன்," என்றார் போதகர்.

கர்த்தருக்கு நன்றி சொல்ல வேண்டியதைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் ஞாயிறு ஆராதனையில் வாசிப்பார்கள். மகளுக்கு வரன் அமைந்தது, பேரனுக்கு வேலை கிடைத்தது என்று சபையே எழுதும். நாற்பது வருஷம் கிறிஸ்துமஸுக்கு மட்டும் கோயிலுக்கு வந்த பாக்கியநாதனுக்கு, அறுபத்தெட்டு வயதில் இதய ஆபரேஷன் முடிந்ததும் எல்லாவற்றுக்கும் நன்றி வந்துவிட்டது. பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்ததற்கு. கத்தரிக்காயில் புழு இல்லாததற்கு. கண் மங்கியிருந்ததால் எழுதுவது மட்டும் அவள்.

பிறந்ததிலிருந்து அதே கோயிலில் வளர்ந்தவளுக்கு மானம் போனது. அவர் கத்தரிக்காய் என்பார், அவள் 'அன்றாட ஆகாரத்துக்காக' என்று எழுதுவாள். காதும் மந்தமான மனுஷருக்கு என்ன வாசித்தார்கள் என்று தெரியவா போகிறது? ஆறு வருஷம் இப்படியே ஓடியது.

நேற்று சாயங்காலம் லிஃப்ட் ரிப்பேர். எதிர்வீட்டு அன்வர் பாஷா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கூடவே ஏறி, படி திரும்பும் இடத்திலெல்லாம் அவரை உட்காரவைத்து, மூன்றாம் மாடி சேர்த்தார். அதை எழுதச் சொன்னார் பாக்கியநாதன். அவள் 'சரீர சுகத்துக்காக' என்று எழுதி மடித்து வைத்தாள். விடிந்து தொட்டபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

"இது அவரு சொன்னது இல்ல ஐயா," என்றாள். "எதுவுமே அவரு சொன்னது இல்ல. நான்தான் மாத்தி மாத்தி எழுதினேன். கண்ணு தெரியாத மனுஷன ஏமாத்திட்டேன்."

போதகர் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"அவருக்குத் தெரியும்மா. வாராவாரம் வாசல்ல கையப் புடிச்சுக்கினு சொல்லுவாரு. 'கிருபா டீசன்ட்டா எழுதிருப்பா ஐயா, மேட்டரு கத்தரிக்காதான்'னு."

"கோவமா சொல்வாரா?"

"நீங்க உக்காந்து எழுதித் தர்றதுக்கும் சேத்து ஸ்தோத்திரம் பண்ணச் சொல்லுவாரு. அத மட்டும் சத்தமா சொல்ல வேணாம், உங்களுக்குக் கூச்சம்னு."

அவள் சீட்டைத் திருப்பிப் போட்டு, அவருடைய பேனாவைத் தேடி எடுத்தாள். நாற்காலியை எழுதினாள். ஜன்னல் சீட்டை எழுதினாள். கத்தரிக்காயை எழுதினாள். இடம் போதாமல் ஓரத்தில் நெருக்கி நெருக்கி எழுதினாள்.

ஆராதனையில் போதகர் ஒன்றுவிடாமல் வாசித்தார். கத்தரிக்காய் வந்ததும் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கிருபாவதி தலையைக் குனியவில்லை. வாசலில் நின்ற அன்வர் பாஷாதான், தன் பேர் வந்தபோது, தரையைப் பார்த்துக்கொண்டார்.

லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. பெட்டியைத் தோளில் ஏற்றிப் படியில் இறக்கினார்கள். பின்னால் கைப்பிடியைப் பிடித்தபடி, ஒவ்வொரு படியாக, அவள் இறங்கினாள். முதல் திருப்பத்தில் அன்வர் பாஷா நாற்காலியைப் போட்டார்.

"உக்காருங்கம்மா. மெதுவா போலாம்."

உட்கார்ந்தாள். கீழே, அடுத்த திருப்பத்தில், பெட்டியைச் சுமந்தவர்களும் நின்றார்கள்.